நின்று நின்று வந்த முகம்

கொரோனா முடக்கத்தில் ஊரே ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொண்டது. கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டியவில் எங்கள் சந்தில் மட்டும் மூன்று வீட்டில் கேக் அடிக்கப் பழகினார்கள். ஒரு வீட்டில் புல்லாங்குழல். நான் பெட்டிகளை வயரால் இணைக்கப் பழகினேன். கேக் பழகியவர்களில் இரண்டு பேர் இன்று அதை விற்கிறார்கள். புல்லாங்குழல்காரர் நல்லவேளையாக நிறுத்திவிட்டார். நான்தான் இன்னும் நிறுத்தவில்லை.

பெட்டி என்றால் மரப்பெட்டி இல்லை. கணினியில் ஒரு மென்பொருள். அதில் வரி வரியாக எழுத வேண்டியதில்லை, அதனால்தான் எனக்குப் பிடித்தது. அலுவலகத்தில் நாள் முழுக்கச் சிங்களக் கடிதங்களைத் தமிழாக்குகிறவனுக்கு வீட்டுக்கு வந்தும் எழுத்தா? இங்கே வெறுந்திரையில் பெட்டிகளை வைத்தால் போதும். ஒரு பெட்டி ஒரு வீடியோவைத் திறக்கும். இன்னொரு பெட்டி இன்னொன்றைத் திறக்கும். இரண்டிலிருந்தும் ஒவ்வொரு வயரை இழுத்து மூன்றாவது பெட்டியில் சொருகினால், அது இரண்டையும் கலக்கும். அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் ஓர் இலக்கம் இருக்கும். பூச்சியம் என்றால் முதல் படம் மட்டும், ஒன்று என்றால் இரண்டாவது மட்டும். நடுவில் நிறுத்தினால் மலைக்குள் முகம் தெரியும், முகத்துக்குள் மலை தெரியும். வேகத்துக்கும் ஓர் இலக்கம் உண்டு. நான் முதல்முதலில் செய்த காரியம், பக்கத்து வீட்டுக் கோழியைப் படம் பிடித்து, அந்த இலக்கத்தைக் குறைத்து, அதை ஒரு மகாராணிபோல மெதுவாக நடக்க வைத்ததுதான். அதைப் பார்த்துச் சிரித்தவன் நான் ஒருவன்தான். கோழிக்காரர் சிரிக்கவில்லை.

என் மனைவி யாழ்ப்பாணத்துக்காரி. ஆஸ்பத்திரியில் தாதி. வயர்களால் நிறைந்த என் திரையை முதல்தடவை பார்த்தபோது வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"உது என்னப்பா, இடியப்பம் பிழிஞ்சு வைச்ச மாதிரி?"

"இது புரோகிராமிங்."

"ஓம், தெரியுது. சம்பல் எங்க?"

அந்த இடியப்பத்தை நம்பித்தான் மதினி என்னிடம் வந்தார்.

மதினி என் அண்ணனின் மனைவி. ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து எடுக்கிறார். தோட்டத்துப் பெண்களைச் சேர்த்து நாடகம் போடுகிறவரும் அவர்தான். அந்த வருடம் கண்டி நகரத்தில் ஒரு சின்ன மண்டபத்தில், சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, அவர்களுக்கு மேடை கிடைத்திருந்தது. தோட்டத்துக் கோயில் திடலைத் தாண்டி அவர்கள் நாடகம் போவது அதுதான் முதல்தடவை.

மதினியின் மகள் வெளிநாட்டில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். போய் இரண்டரை வருடம். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ அழைப்பு வரும். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் சிக்னல் கிடையாது, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஏறி நின்றால் கொஞ்சம் கிடைக்கும். அந்தக் கொஞ்சத்தில் மகளின் முகம் வரும், வந்ததும் நின்றுவிடும். வாய் பாதி திறந்து, கண் பாதி மூடி, அப்படியே. மதினி போனைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு தொட்டியைச் சுற்றி வருவார். முகம் மறுபடி அசையும்போது மகள், "சரிம்மா, வைக்கிறேன், கூப்பிடுறாங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். இரண்டரை வருடத்தில் ஒரு பேச்சையாவது முழுதாகப் பேசி முடித்ததில்லை என்பார் மதினி. அழுதுகொண்டு சொல்லமாட்டார், அவர் எதையும் ஒரு நக்கலோடுதான் சொல்வார்.

"கொழுந்தனாரே, நீங்க கோழிய நடக்க வைக்கிறீங்கன்னு உங்க அண்ணன் சொன்னாரு. எம்மகள பேச வைக்க முடியுமா?"

அவர் திட்டம் இது. மேடையில் பின்னால் ஒரு வெள்ளைத்துணி. துணியில் தேயிலை மலை. மதினி கூடையோடு நிற்பார். மலைக்குள்ளிருந்து மெல்ல மெல்ல மகளின் முகம் எழும்பி வரும். தாய் கேட்பார், மகள் பதில் சொல்வாள். நான்கு கேள்வி, நான்கு பதில். மகள் தன் லீவு நாளில் ஒரு சமையலறைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து, போனில் தன்னையே படமெடுத்து அனுப்பியிருந்தாள். ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் தாய் பேசுவதற்கு இடைவெளி விட்டு, தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். "மனசுக்குள்ள முப்பது எண்ணினேம்மா, அதுக்குள்ள கேட்டுருங்க" என்று குரல்பதிவு வேறு.

"எப்பிடியாச்சும் நிக்காம ஓடணும் தம்பி. ஒரு தடவையாவது எம்மக நிக்காம பேசுறத நான் பாக்கணும்."

"அதெல்லாம் சும்மா விளையாட்டு மதினி. விட்டுருங்க எங்கிட்ட" என்றேன். என் வாழ்க்கையில் இந்த வாக்கியத்தைச் சொன்ன ஒவ்வொரு தடவையும் நான் ஏதாவது ஒன்றை உடைத்திருக்கிறேன். அது மதினிக்குத் தெரியாது. என் மனைவிக்குத் தெரியும். அவள் அடுப்படியில் நின்று இருமினாள்.

தோட்டத்துக்குப் போய் மலையைப் படமெடுத்துக்கொண்டு வந்து வேலையைத் தொடங்கினேன். என் லெப்டொப்புக்கு எட்டு வயது. சுருக்கி வைத்த வீடியோவை விரித்து விரித்துப் படமாக்குவது அதற்குக் கஷ்டம். அதனால் இரண்டு வீடியோக்களையும், ஒவ்வொரு படமும் தனித்தனியாக முழுசாக இருக்கிற பெரிய பைல்களாக மாற்றினேன். லெப்டொப்புக்கு மூளை வேலை குறைவு, ஆனால் பைல் பூதம்போல இருக்கும். லெப்டொப்புக்குள் இடமில்லாததால் இரண்டையும் வெளியே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, வயரால் இணைத்தேன். மலை ஓடியது. மகள் ஓடினாள். இரண்டையும் கலந்தேன். மலைக்குள்ளிருந்து மகள் வழுக்கிக்கொண்டு எழும்பி வந்தாள். ஒரு தடங்கல் இல்லை. நான் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டு, ஒரு பிளேன்டீ கேட்டேன். கிடைக்கவில்லை. நானே போட்டுக் குடித்தேன்.

இடையில் சரஸ்வதி பூசை வந்தது.

பூசை நாளில் எங்கள் வீட்டில் புத்தகங்களையும் வேலைச் சாமான்களையும் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மறுநாள் காலைவரை தொடாமல் விடுவோம். மனைவி தன் பங்குக்குத் தாதிமார் புத்தகத்தையும் கத்தரிக்கோலையும் வைத்தாள். நான் என் பக்திக்கு அளவு வைக்கவில்லை. லெப்டொப், மௌஸ், சார்ஜர், ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் அடுக்கினேன். சந்தனம் கட்டியாக இருந்தது, தண்ணீர் விட்டுக் கரைத்தேன், கொஞ்சம் கூடிப்போய் மோர் மாதிரி ஆனது. பரவாயில்லை என்று விரலைத் தோய்த்துத் தோய்த்து வைத்துக்கொண்டே போனேன். லெப்டொப்பின் நெற்றி, மௌஸின் முதுகு, வயர்களின் தலை, அந்த உற்சாகத்தில் ரைஸ் குக்கர்.

"எனக்கும் ஒண்டு வைக்கப் போறியளோ?" என்றாள் மனைவி.

"நீங்க வேலை செய்யிற சாமானா?"

அன்று இரவுச் சாப்பாடு தாமதமாக வந்தது.

மறுநாள் விஜயதசமி. பிள்ளைகளுக்கு ஏடு தொடக்குகிற நாள். புதிதாக எதைத் தொடங்கினாலும் விளங்கும் என்பார்கள். நானும் சும்மா இருப்பேனா? அந்தப் பெட்டி மென்பொருளின் புதிய பதிப்பை, நல்ல நேரம் பார்த்து, கிழக்குப் பார்த்து உட்கார்ந்து, இறக்கிப் பதிந்தேன்.

புதன்கிழமை மண்டபத்தில் ஒத்திகை. புரொஜெக்டரை அக்குறணையிலிருந்து ஒரு முஸ்லிம் அண்ணன், எங்களுக்கெல்லாம் நானா, வாடகைக்குக் கொண்டு வந்திருந்தார். கல்யாண வீடு, பள்ளிக்கூட விழா என்று கண்டியில் எங்கே வெள்ளைத்துணி கட்டினாலும் அதற்கு எதிர்ப்பக்கத்தில் அவர் இருப்பார். மதினியும் மற்றப் பெண்களும் காலை பஸ்ஸில் வந்துவிட்டார்கள். துணியில் மலை விழுந்தது. பெண்கள் "ஆத்தாடி, நம்ம பத்தாம் நம்பர் மலை!" என்று கைதட்டினார்கள். நான் ஒரு ராஜாவைப்போல இலக்கத்தை மெல்ல ஏற்றினேன்.

மகளின் முகம் வந்தது. நின்றது. மலையும் நின்றது. இரண்டும் ஒரு துள்ளுத் துள்ளி, கொஞ்சம் ஓடி, மறுபடி நின்றன. வாய் பாதி திறந்து, கண் பாதி மூடி, எட்டடி உயரத்துக்கு மதினியின் மகள் துணியில் தொங்கினாள்.

மதினி திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"போன்லயும் இப்பிடித்தான் நிப்பா" என்றார். "அங்க சின்னதா நிப்பா. இங்க பெருசா நிக்கிறா."

அந்த நக்கலில் சிரிப்பு இல்லை. எனக்குக் காது சூடாகியது.

நானா மெதுவாகப் பக்கத்தில் வந்தார். "தம்பி, கேபிளெல்லாம் சரியா ஈக்கான்னு ஒருக்கா பாருங்களே."

"நானா, இது கேபிள் பிரச்சினை இல்லை. இது புரோகிராமிங் பிரச்சினை" என்றேன். ஒரு விசேட வைத்தியர் மருந்துக்கடைக்காரரிடம் பேசுகிற குரலில்.

"சரி தம்பி. நமக்குத் தெரிஞ்சது கேபிள்தான்" என்று சொல்லிவிட்டு அவர் புரொஜெக்டர் கண்ணாடியைத் துடைக்கப் போனார்.

புதன்கிழமை மாலை வீட்டுக்கு வந்து சபதம் செய்தேன். சனிக்கிழமைக்குள் இதைக் கண்டுபிடிக்காவிட்டால் பெட்டி, வயர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நானும் கேக் அடிக்கப் போகிறேன்.

முதல் சந்தேகம் புதிய பதிப்பின்மேல். வேறு எதையும் நான் மாற்றவில்லையே! அதுதான் எனக்கு அவ்வளவு நிச்சயம். வியாழன் அலுவலகத்துக்கு அரைநாள் லீவு போட்டு, விஜயதசமியில் பதிந்ததைக் கழற்றி, பழையதை மறுபடி பதிந்தேன். மலை மட்டும் ஓடியது. மகள் மட்டும் ஓடினாள். கலந்தேன். நின்றார்கள்.

அப்போது கலக்கும் பெட்டியில்தான் கோளாறு. அதைத் தூக்கிவிட்டு வேறொரு கலக்கும் பெட்டி வைத்தேன். நின்றார்கள். இரண்டு படமும் ஒரே அகலம் ஒரே உயரமா என்று அளந்தேன். ஒரே அளவுதான். ஒலியைப் பிடுங்கினேன். ஊமையாக நின்றார்கள். லெப்டொப் சூடாகிறதோ என்று அடியில் இரண்டு புத்தகம் வைத்து, மேசை மின்விசிறியை அதன் முகத்துக்கு நேரே திருப்பினேன். நான் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், லெப்டொப் மலையில் ஓய்வெடுக்க வந்த துரைபோலக் காற்று வாங்கியது. நின்றார்கள்.

இணையத்தில் இந்த மென்பொருள்காரர்கள் கூடுகிற ஓரிடம் உண்டு. அங்கே எழுதிப் போட்டேன். ஒருவர் புதிய கணினி வாங்கச் சொன்னார். ஒருவர் என் வயர்களின் படத்தைப் பார்த்துவிட்டு, இதை யார் உங்களுக்குக் கற்றுத்தந்தது என்று கேட்டார். நானேதான் என்றேன். தெரிகிறது என்று பதில் வந்தது. மூன்றாமவர் ஒரே வரியில், கேபிளைச் சரிபார்த்தீர்களா என்று எழுதியிருந்தார். அவருக்கு நான் பதில்கூடப் போடவில்லை. இவரும் புரொஜெக்டர் வாடகைக்கு விடுகிறவராக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை வேறு வழியில் யோசித்தேன். இரண்டு வீடியோவிலும் ஒரு சின்னத் துண்டை வெட்டி, தபால்தலை அளவுக்குச் சுருக்கிக் கலந்து பார்த்தேன். ஓடியது! மலைக்குள் மகள் தபால்தலை அளவில் சிரித்தாள். அப்படியென்றால் பெட்டிகள் குற்றவாளி இல்லை, வயர்கள் குற்றவாளி இல்லை, என் இடியப்பமும் குற்றவாளி இல்லை. சின்னதென்றால் ஓடுகிறது, பெரிதென்றால் ஒன்று மட்டும் ஓடுகிறது, இரண்டு பெரிது சேர்ந்தால் நிற்கிறது. எங்கோ வழி குறுகலாக இருக்கிறது. எங்கே என்பதுதான் தெரியவில்லை.

ஆனாலும் பூசைக்கு முதல் இதே பெரிய பைல்கள் இதே லெப்டொப்பில் ஓடினவே! தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது மதினி அழைத்தார். தண்ணீர்த் தொட்டியில் ஏறியிருக்க வேண்டும். காற்றுச் சத்தம் கேட்டது.

"தம்பி, ஓடுதா?"

"சின்னதா ஓடுது மதினி."

"எம்புட்டுச் சின்னதா?"

"தபால்தலை அளவு."

போன் கரகரவென்றது. சிக்னல் போய்விட்டதென்று நினைத்தேன்.

"வேணாம் தம்பி. படமே வேணாம். நான் சும்மா நின்னு என் பாட்டைப் பேசிட்டுப் போறேன். அத்தன பேரு முன்னால அவ வாயத் தொறந்துக்கிட்டு நிக்கிறத என்னால பாக்க முடியாது."

"மதினி, நாளைக்கு ரெண்டு மணி வரைக்கும் பொறுங்க. ரெண்டு மணிக்கு ஓடலைன்னா நானே வந்து அந்தத் துணிய அவுத்துர்றேன்."

"சோறு திங்கிறீங்களா இல்லையா?"

"திங்கிறேன்."

"பொய். உங்க பொஞ்சாதிகிட்டக் கேட்டேன்" என்று வைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை. மனைவி இரவுக் கடமை முடிந்து வந்து, சேலையை மாற்றாமல் ஒரு கதிரையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். நான் கடைசி ஆயுதத்தை எடுத்தேன். லெப்டொப்புக்குள் இடமில்லாமல் போனதற்குக் காரணம், நான் ஐந்து வருடமாகச் சேர்த்து வைத்திருந்த என் சொந்தப் படைப்புகள். கோழியின் நடை. கோழியின் நடை, கடைசி. கோழியின் நடை, இதுதான் கடைசி. மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு எல்லாக் கோழிகளையும் அழித்தேன். ஒரு பைலுக்கு இடம் வந்தது. மகளின் வீடியோவை ஹார்ட் டிஸ்க்கிலிருந்து உள்ளே நகலெடுக்கப் போட்டேன்.

முன்பு இதே பைலை உள்ளிருந்து ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றியபோது, எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்திருந்தது. இப்போது நான் தண்ணீர் குடித்தேன், பல் விளக்கினேன், சாமிக்கு ஒரு கும்பிடு போட்டேன், இன்னும் பாதி வரவில்லை.

"ஹார்ட் டிஸ்க் சாகப் போகுது" என்றேன். செத்தால் மகளின் பைலும் செத்தது.

"ஆர் சொன்னது? நாடி பிடிச்சுப் பாத்தியளோ?"

"விளையாடாதீங்க. பாருங்க, எப்பிடி இழுத்துக்கிட்டுப் போகுதுன்னு."

அவள் எழும்பி வந்தாள். அவள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. மருந்து இறங்காவிட்டால் முதலில் நோயாளியைப் பார்க்கமாட்டாள். குழாயைப் பார்ப்பாள், எங்கே மடிந்திருக்கிறது, எங்கே அடைத்திருக்கிறது என்று. நகல் முடியட்டும் என்று பொறுத்திருந்து, ஹார்ட் டிஸ்க்கின் வயரை லெப்டொப்பிலிருந்து கழற்றி, போன் வெளிச்சத்தை அடித்து அதன் வாய்க்குள் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ. உதுக்குள்ள என்ன மஞ்சளா?"

"எங்க?"

"உள்ளுக்கை. பின்பக்கம். காஞ்சு ஒட்டியிருக்கு." மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். பிறகு வயரைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். பதினோரு வருடக் கல்யாண வாழ்க்கையில் அப்படியொரு பார்வையை நான் இரண்டு தடவைதான் வாங்கியிருக்கிறேன்.

"இது சந்தனம்."

மோர் மாதிரிக் கரைத்த சந்தனம். வயர்களின் தலைக்கும் வைத்த பக்தி.

பிறகுதான் விளங்கியது. அந்த வயரின் வாய்க்குள் உலோகக் கால்கள் இரண்டு வரிசை. முன்வரிசை பழைய மெதுவான பாதை, பின்வரிசை புதிய வேகப் பாதை. என் சந்தனம் வழிந்து போய்ப் பின்வரிசையில் காய்ந்துவிட்டது. வேகப் பாதை மூடியதும் லெப்டொப் எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் பழைய பாதையில் ஓட்டியிருக்கிறது. மண்சரிவில் பெரிய ரோட்டு மூடினால் பஸ்ஸைத் தோட்டத்து ரோட்டில் திருப்பிவிடுவார்களே, அதேபோல. தோட்டத்து ரோட்டில் ஒரு பஸ் தாராளமாகப் போகும். இரண்டு பஸ் வளைவில் சந்தித்தால்தான் வினை. மலையும் மகளும் நாலு நாளாக அந்த வளைவில்தான் முட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

எதையும் மாற்றவில்லை என்று நான் இணையத்தில் மூன்று கண்டத்து ஆட்களிடம் சத்தியம் செய்திருந்தேன்.

மனைவி தன் கைப்பையிலிருந்து, ஊசி போடுவதற்கு முன்னால் தோலில் தடவுகிற ஸ்பிரிட் துணியை எடுத்தாள். ஒரு பல்குச்சியின் முனையில் அதைச் சுற்றினாள்.

"அசையாமல் பிடியுங்கோ."

"வலிக்குமா?"

"வாயை மூடிக்கொண்டு பிடியுங்கோ."

அரைமணித்தியாலம் துடைத்தாள். துணி மஞ்சளாகிக்கொண்டே வந்தது. காயவிட்டோம். சொருகினேன். மகளின் பைலை மறுபடி ஒருமுறை நகலெடுக்கப் போட்டு, நான் தண்ணீர் குடிக்க எழும்பினேன். போத்தலைத் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. உட்கார்ந்தேன். மலையைத் திறந்தேன். மகளைத் திறந்தேன். இலக்கத்தை ஏற்றினேன். அவள் மலைக்குள்ளிருந்து வழுக்கிக்கொண்டு வந்து, தலையை ஆட்டி, கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு துள்ளல் இல்லை. ஆறு தடவை ஓட்டினேன். ஏழாம் தடவை மனைவி, "காணும், பிள்ளை களைச்சுப் போடும்" என்றாள்.

ஒன்றரை மணிக்கு மண்டபத்துக்குப் போனேன். மதினி மேடைக்குக் கீழே உட்கார்ந்து கூடைக் கயிற்றை முடிந்துகொண்டிருந்தார். ஓட்டிக் காட்டினேன். முதல் பதில் வரை பார்த்தார். "நிப்பாட்டுங்க, மிச்சத்த மேடையில பாக்குறேன்" என்று எழும்பிப் போய்விட்டார். போகும்போது முந்தானையால் முகத்தைத் துடைத்தது, மண்டபம் புழுக்கமாக இருந்ததனாலும் இருக்கலாம்.

நானா புரொஜெக்டரை ஏற்றிக்கொண்டே கேட்டார். "என்ன தம்பி பிழை?"

"அது வந்து நானா, தரவுப் பாதையில ஒரு சின்னச் சிக்கல்" என்றேன். என்னால் உண்மையைச் சொல்ல முடியவில்லை.

ஐந்து மணிக்கு மண்டபம் நிறைந்தது. மனைவியும் தூங்கி எழும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கதிரை போதாமல் சுவரோரம் ஆட்கள் நின்றார்கள். துணியில் மலை. மதினி கூடையோடு வந்து நின்றார். நான் பின்வரிசையில் லெப்டொப்புக்கு முன்னால், ஹார்ட் டிஸ்க்கின் வயரைப் பிள்ளையின் கையைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மகள் வந்தாள். முதல் கேள்வியைச் சுற்றி வளைத்துக் கேட்டார், "சாப்பிட்டியா?" பதில் சொன்னாள். இரண்டாவது. மூன்றாவது. எங்கேயும் நிற்கவில்லை. தாய் கேட்க, மகள் தலையாட்ட, மகள் சொல்ல, தாய் சிரிக்க, பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது துணி என்பதே மறந்துபோயிருக்கும். நான் வயரை விட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டேன்.

நான்காவது கேள்வி, "எப்ப வருவ?" என்பது. இரண்டே சொல். அதற்கு மகள் முப்பது எண்ணிக் காத்திருந்து, "அடுத்த பொங்கலுக்கும்மா" என்பாள். அதோடு முகம் மலைக்குள் போய்விடும்.

மதினி அதைக் கேட்கவில்லை. கூடையை இறக்கி வைத்தார். துணிக்குப் பக்கத்தில் போய் நின்று, ஒத்திகையில் இல்லாத பேச்சைப் பேசத் தொடங்கினார். அவள் விட்டுப்போன செருப்பு இன்னும் வாசலில் இருக்கிறதென்றார். ஆடு குட்டி போட்டதென்றார். "போன்ல ஒவ்வொரு தடவையும் சொல்ல வருவேன், நீ நின்னுருவ" என்றார்.

நான் மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினெட்டு. இருபது. மகள் துணியில் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறாள். இருபத்துமூன்று. மதினி நிறுத்துகிற மாதிரி இல்லை. முப்பதில் மகள் வாய் திறப்பாள், தாயின் பேச்சுக்கு நடுவில், "அடுத்த பொங்கலுக்கும்மா" என்று வெட்டிக்கொண்டு போய்விடுவாள். மறுபடியும்.

நாலு நாளாக அவளை நிற்காமல் ஓட வைக்கப் பாடுபட்டவன், இருபத்தைந்தில் வேகத்தின் இலக்கத்தைப் பிடித்தேன். ஒரேயடியாக நிறுத்தினால் மதினிக்கு அது தெரிந்துவிடும். அந்த நின்ற முகத்தை அவர் அளவுக்குத் தெரிந்தவர் வேறு யார்? அதனால் மெல்லக் குறைத்தேன். முக்கால். அரை. கால். அதற்கும் கீழே. கோழியிடம் பழகியது கைவிடவில்லை. மகளின் கண் இமை மெதுவாக மூடி, மெதுவாகத் திறந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே இருந்தது, இன்னும் கொஞ்சம் கேட்கிறேன் என்பதுபோல. அவள் பின்னால் இருந்த குளிர்சாதனத்தின் இரைச்சல் மட்டும் தடித்து, அடித்தொண்டைக்குப் போனது.

மதினி எல்லாவற்றையும் சொன்னார். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. என் பெருவிரல் மரத்துப்போயிருந்தது. கடைசியில், சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, சும்மா கேட்பதுபோலக் கேட்டார்.

"சரி, எப்ப வருவ?"

இலக்கத்தை ஏற்றினேன். மகள் நிமிர்ந்தாள்.

"அடுத்த பொங்கலுக்கும்மா."

கைதட்டலில் முகம் மலைக்குள் போனதை நான் சரியாகச் செய்தேனா என்று இன்றுவரை ஞாபகமில்லை.

பிறகு வாசலில், பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, மதினி என் தோளைத் தட்டினார். "பாத்தீங்களா தம்பி? இன்னைக்குத்தான் நான் பேசி முடிக்கிற வரைக்கும் இருந்தா." என் மனைவி எனக்கு முன்னால் முந்திக்கொண்டு, "ஓம் அக்கா, நானும் பாத்தனான்" என்றாள். நான் வாயைத் திறந்துவிடுவேனோ என்று அவளுக்குப் பயம்.

உள்ளே நானா புரொஜெக்டரின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார்.

"எல்லாம் நல்லா ஈந்திச்சி தம்பி. கடைசியில மட்டும் புள்ளட முகம் கொஞ்சம் ஸ்லோவாகிச்சே, சத்தமும் ஒரு மாதிரி போச்சி. கேபிளா?"

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வயரின் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தேன்.

"ஆமா நானா" என்றேன். "கேபிள்தான். நீங்க புதன்கிழமையே சொன்னீங்க."